ஒரு தையல்தான் என்றார்கள்

ஐந்தாம் நாள் காலையில் என்னால் குனிந்து பிள்ளையைத் தூக்க முடியவில்லை.

முந்தைய நாள்வரை தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். வலி இருந்தது, தாங்கக்கூடிய வலி. அன்று ஸ்டெல்லா பாயில் கிடந்து பாலுக்கு அழுதாள். குனிந்தேன். அடிவயிற்றின் இடது பக்கத்தில் யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுத்தது போல் இருந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். உடம்பு கொதித்தது. அடுப்பில் இருந்த தேத்தண்ணீரின் வாசம் குமட்டியது.

தொப்புளுக்கு அடியில் ஒரே ஒரு தையல் இருந்தது. அதன் மேல் என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி. அதைத் திறந்து பார்த்தேன். சீழ் இல்லை, சிவப்பு இல்லை. வெளியே எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.

பிள்ளை பெறாமலிருக்கச் செய்யும் இந்தத் துவார ஆபரேஷனுக்கு இன்றும் பெண்கள் போகிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அன்று எங்கள் தோட்டத்து லொறியில் ஏழு பேர் போனோம். ஆறு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த வலி வந்து போகும், எந்த வலி வந்தால் ஓட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் லூர்தம்மா. இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். எங்கள் சின்னக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேத வாசகம் வாசிப்பது என் வேலை என்பதால் எழுத்து என்னை விட்டுப் போகவில்லை. என் கணவர் சவரிமுத்துவுக்குத் தேயிலை ஸ்டோரில் (கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலை) வேலை. நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.

ஆறு முறை சுமந்தேன். ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்தது. ஒரு பையன் எழுபதுகளின் பஞ்சத்தில், மாவும் அரிசியும் கிடைக்காத நாட்களில், வயிற்றோட்டம் கண்டு போய்விட்டான். மற்ற நால்வரும் நின்றார்கள். கடைசியாக ஸ்டெல்லா பிறந்தபோது எனக்கு இரத்தம் நிற்கவில்லை. கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைத்து, இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் பெரிய டொக்டர் வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி (தாதி) அதைத் தமிழில் சொன்னார்: "இனி ஒண்ணு வேணாமாம். வந்தா ஒங்களக் காப்பாத்த முடியாதாம்."

ஆபரேஷனுக்குக் கணவரின் கையெழுத்தும் வேண்டும். சவரிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா என்னா செய்றது? ஒருத்தனப் பறிகுடுத்தது போதாதா?" என்றார்.

லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பேசிக்கொண்டார்கள். நம் சனத்தைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். பாதிக் குடும்பங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய காலம் அது. அந்தப் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட என்னாலும் முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு போத்தல் இரத்தத்தை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆறது எனக்கா இருந்தா? நாலையும் தனியா வளத்துருவீங்களா?" என்று கேட்டேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "எங்க கையெழுத்துப் போடணும்?"

பக்கத்துக் காம்பராவில் (லயத்தின் ஓர் அறை வீடு) பாக்கியம் இருந்தாள். என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், கடைசிப் பையனுக்கு ஐந்து மாதம். அவளும் பெயர் கொடுத்திருந்தாள், பிறகு பயந்து பின்வாங்கினாள். "நான் வர்றேன்ல, எங்கூட வா" என்று அவளை இழுத்தவள் நான்தான். தோட்டத்து மருத்துவிச்சி அம்மாவும் சொன்னார்: "ஒரு தையல்தான் புள்ள. எறும்பு கடிச்ச மாதிரி. அடுத்த கிழமை மலை வேலைக்குப் போயிரலாம்."

போய்வந்தால் கையில் கொஞ்சம் காசும் கொடுத்தார்கள். அதற்காகத்தான் போனோம் என்று பின்னால் சிலர் பேசினார்கள். நான் போனது உயிர்ப் பயத்தில்.

ஆபரேஷன் நாளில் வெறும் வயிற்றோடு லொறியில் ஏறினோம். ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நடைபாதையில் நீளமான வாங்கு (பெஞ்சு). வேறு தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். படிவம் சிங்களத்தில் இருந்தது. எங்கே என்று விரலால் காட்டினார்கள். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பாக்கியம் கைநாட்டு வைத்தாள். கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று கேட்டார்கள். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இந்த ஆபரேஷன் அதைத் தடுக்காது, அதனால் கேட்கிறார்கள். வெட்கப்படாமல் சரியாகச் சொல்லுங்கள்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. கையில் ஓர் ஊசி, தொப்புளைச் சுற்றி மரத்துப்போக இன்னோர் ஊசி. தலை கீழாகவும் கால் மேலாகவும் இருக்கும்படி மேசையைச் சாய்த்தார்கள். பிறகு வயிற்றுக்குள் காற்று ஏற்றினார்கள். உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்பதற்காக அப்படிச் செய்வார்களாம். ஆறு மாத வயிறு போல் என் வயிறு எழும்பியது. மூச்சு முட்டியது. அதன் பிறகு லப்ரொஸ்கோப் (முனையில் விளக்குள்ள, உள்ளே விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்) நுழைந்தது. டொக்டர் அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அடிவயிற்றின் இரண்டு பக்கமும் ஆழத்தில் கிள்ளியது போல் இருந்தது. கருக்குழாய்களை (முட்டை கருப்பைக்கு வந்துசேரும் வழி) மின்சாரச் சூட்டால் சுட்டு அடைத்தார்கள். சில இடங்களில் வளையம் போடுவார்களாம். எங்களுக்குச் சுட்டார்கள்.

ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம்தான். அடுத்த பெண் உள்ளே வந்துவிட்டாள்.

அன்று மாலையே அதே லொறியில் திரும்பினோம். ஒவ்வொரு வளைவிலும் ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். எனக்கு வயிற்றைவிட வலது தோள்தான் வலித்தது. வயிற்றில் வெட்டினால் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று பயந்துபோனேன். உள்ளே மிஞ்சிய காற்று மேலே ஏறி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள சவ்வை உறுத்தும், அந்த உறுத்தலைத் தோள் உணரும் என்று பல மாதங்கள் கழித்துத்தான் ஒரு டொக்டர் சொன்னார். ஆகவே தோள் வலிக்குப் பயப்பட வேண்டாம். மல்லாந்து படுத்தால் குறையும். இரண்டொரு நாளில் போய்விடும். வயிறு உப்பலாக இருப்பதும், கொஞ்சம் இரத்தம் படுவதும், தலை சுற்றுவதும் அப்படித்தான். இந்த வலிகள் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைவிட இன்று கூடுதலாக வலித்தால் அதைச் சாதாரணம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நான் நம்பினேன்.

ஐந்தாம் நாள் காலையில் வயிற்றைப் பிடித்தபடியே தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்தேன். டிஸ்பென்சர் ஐயா கெட்டவர் இல்லை. வரிசையில் இருபது பேர் நின்றார்கள், அவர் ஒற்றை ஆள்.

"காத்து அடைச்சிருக்கு. காத்து ஊதித்தானே செஞ்சாங்க? எறங்கிரும்" என்றார்.

"காச்சலா இருக்குங்க ஐயா."

"பால் குடுக்குறீங்கள்ல? மாருல பால் கட்டினாக் காச்சல் வரும்."

மிக்சர் மருந்தும் நான்கு வெள்ளைக் குளிசையும் (மாத்திரை) கொடுத்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. நானும் தொட்டுப் பாருங்கள் என்று கேட்கவில்லை. ஆண் ஆள், நான் எப்படிக் கேட்பேன் என்று நினைத்தேன். இன்று நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

ஆறாம் நாள் வயிறு பலகை போல் ஆகிவிட்டது. முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தால்தான் மூச்சு விட முடிந்தது. பச்சையாக வாந்தி எடுத்தேன். முந்தைய நாளிலிருந்து காற்றும் பிரியவில்லை. மூத்தவள் ரோசலின் ஸ்டோருக்கு ஓடித் தகப்பனைக் கூட்டிவந்தாள். அவர் என் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி லொறி கேட்க ஓடினார். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு லொறி ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. வரும்வரை பொறுக்கச் சொன்னார் கண்டாக்கு ஐயா (மலை வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர்). சவரிமுத்து பொறுக்கவில்லை. ஒரு கம்பளியை இரண்டு மூங்கிலில் கட்டி, ஸ்டோரில் வேலை செய்த நான்கு பேரைக் கூட்டி, என்னை அதில் கிடத்தினார்.

ஸ்டெல்லா பாக்கியத்தின் இடுப்பில் இருந்தாள். மறு இடுப்பில் பாக்கியத்தின் மகன். லயத்துக் கோடிவரை கூடவே வந்தாள்.

"நீ போக்கா. எங்கிட்ட பால் இருக்கு" என்றாள்.

தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறக்கினார்கள். தூற்றல் முகத்தில் விழுந்தது. கம்பளி ஆடும்போதெல்லாம் கத்தினேன். ரோட்டில் ஒரு மரக்கறி லொறி நின்றது. கோவா (முட்டைக்கோஸ்) மூட்டைகளுக்கு நடுவே இடம் பண்ணிக் கொடுத்தார்கள். சிங்களச் சாரதி வழியெல்லாம் பின்கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி மெதுவாக ஓட்டினார். "தவ டிக்காய் அம்மே (இன்னும் கொஞ்ச தூரம்தான்)" என்று இரண்டு மூன்று முறை சொன்னது காதில் விழுந்தது.

போனது வேறோர் ஆஸ்பத்திரி, இன்னும் பெரியது. நடைபாதையில் தள்ளுவண்டியில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். இளம் பெண் டொக்டர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"எப்ப தொடக்கம் நோகுது?"

சொன்னேன். அவர் என் வயிற்றில் விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். பிறகு சட்டென்று கையை எடுத்தார். நான் அலறினேன்.

"அமத்தேக்க கூட நோகுதோ, கைய எடுக்கேக்கயோ?"

"எடுக்குறப்பதாங்க அம்மா."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். சவரிமுத்துவைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"குடலில ஓட்டை விழுந்திருக்கு எண்டு நினைக்கிறன். உள்ளுக்க இருக்கிறது எல்லாம் வயித்துக்க பரவியிருக்கு. இப்பவே திறக்க வேணும்."

"ஒரு தையல்தான்னு சொன்னாங்களே அம்மா."

டொக்டர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை எடுத்தார். "அதை நான் இப்ப ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்.

"பொழைச்சிருவாளா?"

"உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன். பிந்தித்தான் கொண்டு வந்திருக்கிறியள். ஏலுமானதைச் செய்யிறம்."

சவரிமுத்து இரண்டாவது முறையாகக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெரிட்டோனைட்டிஸ் (வயிற்றின் உள்சவ்வு முழுவதும் கிருமி பரவி அழற்சி ஆவது) என்று அந்த நோய்க்குப் பெயர். குழாயைச் சுட்டபோது பக்கத்தில் கிடந்த பெருங்குடலில் துளிச் சூடு பட்டிருக்கிறது. அன்றே அது ஓட்டையாகவில்லை. பட்ட இடம் மெல்ல மெல்ல வெந்து இற்று, ஐந்தாம் நாளில் திறந்துகொண்டது. அதனால்தான் முதல் நான்கு நாள் நான் நடமாடினேன், பிள்ளை தூக்கினேன். மிக அரிதாக நடப்பது என்றார்கள். அரிது என்ற சொல் அது நடந்தவளுக்கு எந்த ஆறுதலும் தருவதில்லை.

கண் விழித்தபோது நெஞ்சுக்குக் கீழேயிருந்து அடிவயிறுவரை கட்டு. மூக்கில் குழாய், கையில் குழாய். இடது பக்கத்தில் ஈரமாக ஏதோ இருந்தது. கையால் தடவினேன். மிஸ்ஸி கையைப் பிடித்துக்கொண்டார். குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேலே திறந்து வைத்திருந்தார்கள். மலம் அந்த வழியாக வெளியேறும். கொலோஸ்டமி என்பார்கள். கீழே குடல் ஆறும்வரை அப்படித்தான், மூன்று மாதம் கழித்துத் திரும்ப உள்ளே வைத்து மூடிவிடலாம் என்றார் அந்தப் பெண் டொக்டர். எனக்கு மூன்று மாதம் என்பது கேட்கவேயில்லை. என் வயிற்றில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், சிவந்த சதையாக அது இருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாளா நான்காம் நாளா தெரியவில்லை, பக்கத்துக் கட்டிலுக்கு அவஸ்தைப்பூசுதல் (சாகக் கிடப்பவருக்குச் செபித்து எண்ணெய் பூசுவது) கொடுக்க ஒரு குருவானவர் வந்தார். நான் கையை நீட்டினேன். கோயிலில் யாரிடமும் சொல்லாமல்தான் இந்த ஆபரேஷனுக்குப் போயிருந்தேன். பாவம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"சாமி, புள்ள பெறாம இருக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அதுக்குத்தான் ஆண்டவர் தண்டிச்சிட்டாரு."

அவர் வயதானவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புள்ளைங்க எத்தன பேரு?"

"நாலு, சாமி."

"பேரச் சொல்லுங்க."

ரோசலின், அந்தோனி, பிலோமினா, ஸ்டெல்லா. ஒவ்வொரு பெயராக அவரும் திரும்பச் சொன்னார். என் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார்.

"யார எதுக்குத் தண்டிக்கிறாருன்னு எனக்குத் தெரியாதும்மா. ஒங்களுக்கும் தெரியாது" என்றார். பிறகு எழுந்து போனார். நான் எதிர்பார்த்த திட்டும் கிடைக்கவில்லை, மன்னிப்பும் கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது.

மார்பு முதலில் கல்லாகக் கட்டியது. மிஸ்ஸி துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். இரண்டு கிழமையில் (வாரத்தில்) பால் வற்றியது. ஸ்டெல்லாவுக்கு ஏழு மாதம். ஐந்து பிள்ளைக்கு ஊறிய பால் அத்தோடு நின்றது, இனி ஊறப் போவதும் இல்லை. நான்தான் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன், சரிதான். ஆனாலும் அன்று கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாற்பது நாட்களுக்குப் பிறகு வீடு வந்தேன்.

லயத்துக் காம்பராவில் கொலோஸ்டமியோடு வாழ்வது எப்படி என்று எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லித் தருவதில்லை. பை எல்லாம் அப்போது எங்களுக்குக் கிடைக்காது. பஞ்சும் பழைய துணியும் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினேன். எப்போது வரும் என்று தெரியாது, அடக்கவும் முடியாது. ஒரு பீலித் (பொதுக் குழாய்) தண்ணீரைப் பன்னிரண்டு குடும்பம் பிடிக்கும் இடம். வாடை வந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள், பிலோமினாவும் பிடித்தாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். இஸ்தோப்பில் (காம்பராவின் முன் வராந்தா) உட்காருவதையும் நிறுத்தினேன். சவரிமுத்து பாயை இரண்டடி தள்ளிப் போட்டார். வாடைக்காக இல்லை, இடித்துவிடுவோமோ என்ற பயத்தால் என்று பிறகு சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது.

ஸ்டெல்லாவுக்கு நான் யாரோ ஆகிவிட்டேன். கை நீட்டினால் முகத்தைத் திருப்பி பாக்கியத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாக்கியம்தான் தர்மசங்கடப்பட்டாள். "அம்மாகிட்டப் போடி, போ" என்று அவளை என் மடியில் வைப்பாள். அவள் வில் போல் பின்னால் வளைந்து கத்துவாள். என் மடியில் வைத்துக்கொள்ளவும் பயம், வயிற்றில் உதைத்துவிட்டால் என்ன செய்வது. நானே "எடுத்துட்டுப் போயிரு பாக்கியம்" என்பேன்.

துணிகளைப் பீலியில் துவைக்க விடமாட்டார்கள். அது நியாயம்தான். எல்லோரும் மலைக்குப் போன பிறகு, பகலில், கீழே ஓடைக்கு எடுத்துக்கொண்டு போவேன். மழைக்காலம். ஓடை நிறையத் தண்ணீர் போயிற்று. ஒருநாள் துணியைத் தண்ணீரில் முக்கினேன், அது கையைவிட்டு நழுவிச் சுழன்று பாறைக்குக் கீழே போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரோசலின் வீட்டைப் பார்த்துக்கொள்வாள், ஸ்டெல்லாவுக்கு அம்மா இருக்கிறாள், இனி நான் எதற்கு என்று தோன்றியது. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கியிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை.

"அக்கா!"

பாக்கியம் மேலே நின்றாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து வந்தவள் என்னைக் காணாமல் தேடியிருக்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்து என் கையிலிருந்த மிச்சத் துணியைப் பிடித்தாள்.

"குடு இங்க."

"வேணாம் பாக்கியம். நாத்தம்."

"ஒம்புள்ள பீத்துணிய இத்தன நாளு யாரு தொவைச்சா? குடுக்கா."

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. இரண்டு பேரும் தண்ணீருக்குள் நின்று அந்தத் துணியை இழுத்தோம். பிறகு நான் விட்டுவிட்டேன். அவள் கல்லில் போட்டு அடித்துத் துவைத்தாள். நான் கரையில் உட்கார்ந்து நடுங்கினேன்.

"ஒன்னக் கூட்டிட்டுப் போனதே நான்தான். எனக்கு ஆனது ஒனக்கு ஆயிருந்தா?" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்தாள். "எனக்கு ஆயிருந்தா எம்புள்ளய நீ வச்சிருப்ப" என்றாள். "எந்திரி. ஈரத்தோட ஒக்காராத."

அதன் பிறகு அவள் தினமும் கூட வந்தாள். என்னைத் தனியாக அந்த ஓடைக்கு அனுப்பவில்லை. இந்த நிலையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: தைரியமாக இரு என்று சொல்ல வேண்டாம், கூடவே போங்கள்.

மூன்று மாதம் என்றது நான்கரை மாதம் ஆயிற்று. திரும்பப் போய்க் குடலை உள்ளே வைத்து மூடினார்கள். அதே யாழ்ப்பாணத்து டொக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் காலையில் வந்து, "காத்துப் பிரிஞ்சுதோ?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார். நான்காம் நாள் பிரிந்தது. வெட்கமில்லாமல் வார்டு முழுவதும் கேட்கும்படி சொன்னேன். ஏழாம் நாள் கக்கூஸில், எல்லோரையும் போல உட்கார்ந்து போனேன். அதற்காக ஒருத்தி அழுவாளா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் அழுதேன்.

குணமாகிவிட்டேன் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றினால் வயிற்றுத் தழும்பு இழுத்தது. சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினால் சரியாக அந்த இடத்தில் உரசியது. நெஞ்சுக்குக் கீழே உயர்த்திக் கட்டப் பழகினேன். வேகமாக நடக்க ஒரு வருடம் ஆயிற்று. சவரிமுத்துவின் பாய் பக்கத்தில் வர அதைவிடக் கூடுதலாக ஆயிற்று.

ஸ்டெல்லா பேசத் தொடங்கியபோது என்னைப் பெரியம்மா என்றாள். பாக்கியத்தின் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். ரோசலின் திருத்தப் போனாள், வேண்டாம் என்று தடுத்தேன். பாக்கியத்தை அம்மா என்றும் என்னைப் பெரியம்மா என்றும் நான்கு வயதுவரை கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அம்மா பெயரை எழுதச் சொன்னார்கள். அதன் பிறகு இரண்டு பேரையும் அம்மா என்றாள். இப்போதும் அப்படித்தான். யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

எங்கள் பெண்கள் வருடத்தைத் தேதியால் சொல்வதில்லை. அந்தோனி வயிற்றில் இருந்தபோது மண் சரிந்தது, பிலோமினா கைப்பிள்ளையாக இருந்தபோது ஸ்டோர் கூரை பறந்தது, அப்படித்தான் சொல்வோம். ஸ்டெல்லாவுக்குப் பிறகு வந்த வருடங்களை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. ஒரே நீளமாகக் கிடக்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்று பாக்கியத்திடம் கேட்டால் அவளுக்கும் தெரிவதில்லை. அவளுக்கும் பிள்ளைக் கணக்கு அத்தோடு நின்றுபோனது.

சாப்பிட்டு முடித்ததும் சற்று நேரம் கையைத் தழும்பின் மேல் வைத்திருப்பேன். உள்ளே குடல் மெதுவாக அசையும், குறுகுறுக்கும், நகரும். முதல் வருடம் அது நின்றுவிடுமோ என்று பயந்து பார்த்தேன். இப்போது பயமில்லை, ஆனால் கை போகிறது. நாலாம் ஐந்தாம் மாதத்தில் பிள்ளை புரளும்போது இதே இடத்தில்தான் கை வைத்துப் பார்ப்பேன். வெளியே மழை பெய்தால் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன், அசைகிறதா என்று கேட்டபடி. அசைகிறது.